சும்மா சிரித்தவள்

புதிதாக மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் நான் இருபத்தெட்டு வருஷம் இந்த வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பொலிஸ், நீதிமன்றம், கொம்மூன என்று நாம் சொல்லும் நகரசபை அலுவலகம் என்று நான் போய்க் குந்தாத கதிரை இல்லை. அதில் முதல் பதினெட்டு வருஷமும் சம்பளம் மட்டும்தான் வாங்கியிருக்கிறேன். தொழிலைப் பழகியது அதற்குப் பிறகு, ஒரு நாடகத்தால்.

குறிப்பெடுப்பது எப்படி, கடினமான சொல்லுக்கு என்ன செய்வது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் படிப்பித்திருப்பார்கள். அதை நான் திரும்பவும் அரைக்கப் போவதில்லை. நான் எங்கே பிழைவிட்டேன் என்பதைச் சொல்கிறேன். கிழவனின் பிழையைக் கேட்பதில் இளசுகளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குத் தருவதில் எனக்கும் ஆட்சேபனை இல்லை.

நம்முடைய தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் “எனக்குக் காய்ச்சல்” என்றால் நாம் “அவருக்குக் காய்ச்சலாம்” என்று சொல்வதில்லை. “எனக்குக் காய்ச்சல்” என்றே சொல்ல வேண்டும். கணவன் பேசினால் நான்தான் கணவன், மனைவி பேசினால் நான்தான் மனைவி. ஒரு காலைப்பொழுதில் ஐந்து பேரின் ‘நான்’ ஆக இருந்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுவேன். வெளியில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நமக்கு நாலு நாளில் பழகிவிடும். பழகிவிடுவதுதான் ஆபத்து.

வேலைக்கு வந்த புதிதில் விபோர்க் நகரத்தில் இருந்து ஓர் அக்கா என்னோடு கூட வந்து இருந்து வேலை பழக்கினா. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்துகிறவ. பெயரைச் சொன்னால் இந்த வயதிலும் என்னைக் கோபிப்பா, ஆகவே சொல்லவில்லை. ஒருநாள் ஒரு இளம் சோடியை டொக்டரிடம் கூட்டிப்போனோம். டொக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்து, இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று கேட்டார். பெண் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த கணவன், “ஓம், ஒரு பெடியன் வேணும்” என்றான். நான் டேனிஷில் அழகாகச் சொன்னேன்: “ஓம், எனக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டும்.” டொக்டர் பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா கேட்டா.

“தம்பி, டொக்டருக்கு இப்ப மறுமொழி சொன்னது ஆர்?”

“அந்தப் பிள்ளை.”

“அவள் வாய் திறந்தவளோ?”

நான் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தேன்.

“அந்த அறையில டொக்டர், புருசன், பெண்சாதி எண்டு மூண்டு பேர்தான். நீ நாலாவது ஆளா ஏறி இருக்காதை. புருசன் சொன்னா, புருசன் சொன்னதெண்டு விளங்க வேணும். அவள் பேசாமல் இருந்தா, பேசாமல் இருந்தவள் எண்டு விளங்க வேணும். விளங்கிச்சுதோ?”

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

அதற்குப் பிறகு அப்படி அப்பட்டமாக ஆள்மாறாட்டம் செய்யவில்லை. ஆனால் வேறொன்று செய்தேன். ஆண் ஒருவன் அலுவலரிடம் எரிந்து விழுந்தால் அவன் கோபத்துக்குச் சீனி போட்டேன். ஒரு பெண் ‘எனக்கு இந்த மனுசனோடு இருக்கப் பிடிக்கவில்லை’ என்றால், ‘கொஞ்சம் மனவருத்தமாக இருக்கிறது’ என்று அதற்குச் சீலை சுற்றினேன். ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. எப்படிச் செய்வார்கள்? இரண்டு மொழியும் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். நல்ல மனிதர் என்று பெயர் வேறு எடுத்தேன். எங்கள் நகரமான ஹோர்சன்ஸில் தமிழ் ஆட்கள், “அந்த அண்ணையைக் கேளுங்கோ, பக்குவமாச் சொல்லுவார்” என்று என்னைத்தான் கேட்டு எடுப்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன்.

ஊரில் போர் முடிந்த அந்த வருஷம், செப்டெம்பர் மாதம். எங்கள் நகரத்து மொழிப்பாடசாலையில் ஒரு டேனிஷ் ஆசிரியை இருந்தா. நரைத்த தலை, ஆண்களின் சப்பாத்து, எதற்கும் பயமில்லாத வாய். அவவின் வகுப்பில் ஏழு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். அந்த மே மாதத்திலிருந்து அவர்கள் வகுப்புக்கு வருவார்கள், இருப்பார்கள், போவார்கள். புத்தகம் ஒரே பக்கத்தில் திறந்தபடி கிடக்கும். ஒவ்வொருவருக்கும் ஊரில் அகதிமுகாம் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் யாரோ இருந்தார்கள், அல்லது இல்லை. ஆசிரியை ஒரு சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு இவர்களுக்கு இலவச ரிக்கற் எடுத்துக்கொண்டு எனக்கு ரெலிபோன் எடுத்தா.

“அவர்கள் வேறு யாருடைய துன்பத்தையாவது இரண்டு மணித்தியாலம் பார்க்கட்டும்” என்றா. “நீர் மொழிபெயர்ப்பீரா?”

நாடகத்தை எப்படி மொழிபெயர்ப்பது? அதற்கும் வழி வைத்திருந்தா. இறைச்சித் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் காதில் மாட்டிவிடும் கருவிப்பெட்டி ஒன்றைக் கடனாக வாங்கியிருந்தா. நான் கொட்டகையின் பின்னால், விளக்குக்காரரின் கண்ணாடி அறைக்குள் இருந்து மெல்லப் பேசினால், ஏழு பெண்களின் காதிலும் என் குரல் கேட்கும். நாடகப் பிரதியைப் பத்து நாட்களுக்கு முன்னரே கொண்டுவந்து தந்தா. டேனிஷில் ஆக்கியிருந்த பழைய அமெரிக்க நாடகம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலையில் சின்ன ஊர். வீதியோரத்தில் ஒரு பெற்றோல் நிலையம். அதன் சொந்தக்காரன்தான் கணவன். பெரிய நெடுஞ்சாலை ஒருநாள் தன் வாசலால் வரும், அன்றைக்குத் தான் பெரிய மனிதன் ஆவேன் என்பது அவன் பேச்சு. சாலை வேறு பக்கத்தால் போய்விட்டது என்பது ஊருக்கே தெரியும். மனைவிக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடாது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கணவன் மனைவியைப் பார்த்து, “நாங்கள் சந்தித்த கதையைச் சொல்லு” என்பான். அவளும் சொல்வாள். ஒரு நடனத்தில் எத்தனையோ பேர் நிற்க, அவனை மட்டும் பார்த்துச் சிரித்தாளாம். அந்த ஒரு சிரிப்பின்மேல்தான் அவனுடைய ஆண்மை, அதிகாரம், கனவு எல்லாம் நிற்கிறது. கடைசி அங்கத்தில், விருந்து மேசையில், ஆட்களுக்கு முன்னால் அவன் அதையே திரும்பவும் கேட்க, அவள் சொல்கிறாள்: “அன்றைக்கு நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்துத்தான் சிரித்தேன். நீ குறுக்கே வந்து நின்றாய்.”

இதை வாசித்ததும் எனக்குப் பென்சில் தேவைப்பட்டது. ஏழு பெண்களுக்கு, அதிலும் அறிந்த வீட்டுப் பெண்களுக்கு, இதை நான் எப்படிக் காதுக்குள் சொல்வது? நாளைக்கு அவர்களின் புருசன்மாரைக் கடையில் கண்டால் என்ன முகத்தோடு கதைப்பது? பக்கம் பக்கமாக வெட்டினேன். முத்தம் வந்த இடத்தில் ‘இருவரும் கதைக்கிறார்கள்’ என்று எழுதினேன். கணவன் அடிக்கும் இடத்தில் ‘கொஞ்சம் தள்ளுகிறான்’. கடைசி வசனத்துக்கு வந்து நெடுநேரம் யோசித்து, “அன்றைக்கு நான் சும்மாதான் சிரித்தேன்” என்று எழுதினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை கொட்டகை வாசலில் யோகன் என்னைப் பிடித்தான். அந்த ஏழு பேரில் ஒருத்தியான சுகந்தியின் கணவன். நல்ல உழைப்பாளி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், ஒரு பண்டசாலையில் வேலை. சுகந்தியைச் சைக்கிளில் கூட்டிவந்து உள்ளே அனுப்பிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னிடம் வந்தான்.

“அண்ணை, ஒரு உதவி. சுகந்தியின்ர தாயையும் தம்பியையும் தேடச் சொல்லி ஒரு உதவி நிறுவனத்துக்கு எழுதிக் குடுத்தனாங்கள். அவளின்ர பேருக்கு டேனிஷில கடிதம் வந்திருக்கு.”

“என்னவாம்?”

“தெரியாது. உடைக்காமல் கைப்பைக்குள்ள வைச்சிருக்கிறாள். என்னட்டைத் தாறாளில்லை. செவ்வாய்க்கிழமை கொம்மூனவில சந்திப்பு இருக்கு, நீங்கள்தானே வாறீங்கள். அங்கை வாசிப்பிக்கப் போறாளாம்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் அவளுக்கு ரெண்டு பேரும் முகாமில சுகமா இருக்கினம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அது அப்பிடியில்லை அண்ணை. எனக்கு ஊரிலயிருந்து ஒரு ஆள் ரெலிபோன் எடுத்துச் சொன்னது. கடிதத்தில என்ன இருந்தாலும் சுகமெண்டு சொல்லிவிடுங்கோ. அவள் தாங்கமாட்டாள்.”

அந்த வருஷம் பொய் சொல்லாத தமிழ் வீடு ஒன்று டென்மார்க்கில் இருந்திருந்தால் எனக்குக் காட்டுங்கள். தாய்க்குப் பிள்ளை பொய் சொன்னது, அண்ணனுக்குத் தங்கை பொய் சொன்னது. இரக்கத்தால் சொன்ன பொய்கள்தான். என் சொந்தச் சித்தியிடம் ரெலிபோனில் நானும் சொல்லியிருக்கிறேன். ஆகவே யோகன் கேட்டது எனக்குக் குற்றமாகப் படவில்லை. கையில் பென்சிலால் வெட்டிய பிரதி வேறு இருந்தது. நான் தலையாட்டினேன்.

நாடகம் தொடங்கியது. கண்ணாடி அறைக்குள் இருந்து எல்லாருக்குமாக நான் ஒருவனே பேசினேன். முதல் இரண்டு அங்கமும் பிசகில்லாமல் போனது. மேடையில் முத்தம், காதில் ‘இருவரும் கதைக்கிறார்கள்’. மூன்றாம் வரிசையில் ஏழு தலைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்ததைக் கண்டேன், பொருட்படுத்தவில்லை. கடைசி அங்கம் வந்தது. நடிகை எழுந்து நின்று அந்த வசனத்தைச் சொன்னாள். கொட்டகையில் ஒரு இருமல் இல்லை. நான் சொன்னேன்: “அன்றைக்கு நான் சும்மாதான் சிரித்தேன்.”

மேடையில் கணவன் அப்படியே நின்றான். பிறகு மேசைத்துணியைப் பிடித்து ஒரே இழுவை. கோப்பை, பீங்கான், கிண்ணம் எல்லாம் தரையில் நொருங்கின. டேனிஷ் சனம் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க, மூன்றாம் வரிசையில் ஏழு தமிழ்ப் பெண்கள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள்.

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நடிகன் ஒரு கணம் தடுமாறியதை நான் கண்டேன். எனக்குக் காது இரண்டும் கொதித்தன.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் சிரித்தது நியாயம். சும்மா சிரித்தேன் என்று ஒருத்தி சொன்னதற்கு ஒருவன் வீட்டுப் பீங்கான் முழுவதையும் உடைத்தால் அது பகிடி இல்லாமல் வேறென்ன? அவளுடைய ஆசையை நான் எடுத்துவிட்டேன். ஆசை போனதும் அவனுடைய பொய்க்கு அடி விழவில்லை. பொய்க்கு அடி விழாத இடத்தில் அவன் கோபத்துக்கும் காரணம் இல்லை. ஒரு வசனத்தைப் பதமாக்கப் போய் முழு வீட்டையும் கோமாளிக்கூத்து ஆக்கிவிட்டேன்.

நாடகம் முடிந்து முன்மண்டபத்தில் கோப்பி. ஆசிரியை வட்டமாக நிற்க வைத்து, லேசான டேனிஷில், கையால் காட்டிக் காட்டிக் கேட்டா: அவள் சிரித்தது பின்னால் நின்றவனைப் பார்த்து. ஏன் இத்தனை வருஷம் அதைச் சொல்லாமல் இருந்தாள்?

நான் வாய் திறப்பதற்குள் அவர்களுக்கே விளங்கிவிட்டது. மொழிப்பாடசாலையில் மேலே, கீழே, முன்னால், பின்னால் எல்லாம் முதல் மாதமே படிப்பித்துவிடுவார்களே. அந்த ஏழு பேரில் மூத்தவ கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, “அதுதானே பாத்தன், அந்த மனுசன் ஏன் இந்தக் கூத்தாடினவனெண்டு” என்றா.

சுகந்தி என் பக்கம் வந்தாள். வன்னியில் பிறந்து வளர்ந்தவள், அப்போது முப்பத்திரண்டு முப்பத்திமூன்று வயதிருக்கும். அதிகம் கதைக்காத பிள்ளை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“அண்ணை, சும்மா சிரிச்சனான் எண்டெல்லோ சொன்னீங்கள்?”

“அது... உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமெண்டு.”

“ஏழு பேரும் கலியாணம் கட்டிப் பிள்ளை பெத்த ஆக்கள், அண்ணை.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் அசடு வழிந்தபடி சிரித்தேன். பிறகு அவளுடைய சிரிப்பு நின்றது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள். “செவ்வாய்க்கிழமையும் நீங்கள்தானே வாறீங்கள்?”

“ஓம், பிள்ளை.”

“அப்ப அண்டைக்கும் இப்பிடித்தான் சொல்லுவியளோ?”

நான் குனிந்து காதுக் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டிக்குள் போடத் தொடங்கினேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, “எனக்கு டொக்டர் சொன்னதிலயும் எத்தினையை இப்பிடி மாத்திச் சொன்னனீங்களோ, ஆருக்குத் தெரியும்” என்றாள். இரண்டை மாற்றியிருந்தேன். அன்றைக்குச் சொல்லிவிட்டேன். ஒன்றுக்கு ஏசினாள், மற்றது தனக்கு அப்போதே தெரியும் என்றாள்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பிரதியை மீண்டும் வாசித்தேன், வெட்டிய இடங்களையும் சேர்த்து. அந்தப் பெற்றோல் நிலையக்காரன் கெட்டவன் இல்லை. அவன் தன் பொய்யை அன்பு என்றே நம்புகிறான். வீட்டில் யாருக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்பதைத் தானே தீர்மானிக்கிறான். அதுதான் அவனுடைய அதிகாரம், அடி உதைகூட அதற்குப் பிறகுதான். வாசிக்க வாசிக்க எனக்கு யோகன் தெரிந்தான். கொஞ்சம் செல்ல, கையில் பென்சிலோடு நான் தெரிந்தேன். வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கொம்மூன வாசலில் யோகன் எனக்காகக் காத்து நின்றான். சுகந்தி மொழிப்பாடசாலையில் இருந்து நேரே வர இருந்தாள்.

“தம்பி, சனிக்கிழமை நான் தலையாட்டினது பிழை” என்றேன். “கடிதத்தில எழுதியிருக்கிறதைத்தான் நான் சொல்லுவன். அது சரிவராதெண்டா, வேற ஆளை எடுக்கச் சொல்லி இப்பவே விலகிறன்.”

அவன் முகம் கறுத்தது. “நீங்களும் ஒரு தமிழனோ அண்ணை? ஒரு சொல்லுத்தானே கேட்டனான்.”

“அது அவவின்ர தாயடா.”

“அவள் உடைஞ்சு போவாள். பிறகு வீட்டில பாக்கிறது நீங்களோ, நானோ?”

“இன்னும் பத்து நிமிசம் இருக்கு. அவ வந்தோடனை நீரே முதல் சொல்லும். கடிதத்தில கேக்கிறதைவிட உம்மட வாயால கேக்கிறது நல்லது.”

யோகன் வாங்கில் குந்தி ஹெல்மெட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகந்தி வந்தாள். அவன் எழும்பினான், “வந்திட்டீரோ” என்று மட்டும் கேட்டான். பத்து நிமிஷம் அப்படியே போனது. அவனை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். நாலு மாதம் ஒரு பொய்யைத் தனியாகத் தூக்கித் திரிந்தவனுக்கு அதை இறக்கி வைக்க ஒரு இடம் தெரியவில்லை.

உள்ளே சுகந்தியின் படிப்பு, வேலைப் பயிற்சி பற்றிய வழமையான கதை முடிந்ததும், அவள் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து அலுவலரின் முன்னால் வைத்தாள். அலுவலர் ஒரு சாந்தமான டேனிஷ் பெண். உறையைக் கவனமாகக் கிழித்து, முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆயத்தம் என்று காட்டினேன். ஒவ்வொரு வசனமாக வாசித்தார், ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன்.

தாயார் உயிரோடு இருக்கிறார். வவுனியாவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இடுப்பில் ஷெல் துண்டு பட்டு, சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். கூட ஒருவரும் இல்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தம்பியைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. தேடுதல் தொடர்கிறது.

‘கூட ஒருவரும் இல்லை’ என்ற இடத்தில் என் நாக்கு பழைய பழக்கத்தில் ஒரு மெத்தையைத் தேடியதை ஒப்புக்கொள்கிறேன். ‘தனியாகச் சமாளிக்கிறார்’ என்று ஒன்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

சுகந்தி அழவில்லை. என்னிடம் திரும்பி, “இவ்வளவும் எழுதியிருக்கோ? கூட்டிக் குறைக்கேல்லைத்தானே?” என்று கேட்டாள். அதையும் அலுவலருக்கு டேனிஷில் சொன்னேன், அறையில் பேசப்படும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் அல்லவா. அலுவலர் “இவ்வளவும்தான்” என்றார். சுகந்தி மெல்ல யோகனைப் பார்த்தாள்.

“உங்களுக்கு இது தெரியுமோ?”

அதை டேனிஷில் சொன்னேன்.

யோகன் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்தான் என்பது அறையில் எல்லாருக்கும் விளங்கும்படி நானும் பேசாமல் இருந்தேன். பிறகு அவன் சொன்னான். “ஓம். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் மறைச்சனான்.”

இப்போது அதை நான் டேனிஷில் சொல்ல வேண்டும். வழக்கப்படி, என் வாயால், ‘நான்’ என்று.

“ஓம். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மறைத்தேன்.”

எத்தனை ஆயிரம் தடவை பிறருடைய ‘நான்’ என் வாயால் போயிருக்கும். அந்தத் தடவை மட்டும் அது யாருடையது என்று எனக்குத் தெளிவில்லை. யோகனுடையதா, பென்சிலால் வெட்டியவனுடையதா, டொக்டருக்கு முன்னால் ஒரு பெண்ணின் வாயைப் பறித்தவனுடையதா? சொல்லி முடித்தபோது என் குரல் உடைந்திருந்தது. மொழிபெயர்ப்பாளனின் குரல் உடையக்கூடாது என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். சரிதான். எனக்கு உடைந்தது.

சுகந்தி உடையவில்லை. “எந்த வாட்?” என்று கேட்டாள். கடிதத்தில் இருந்த ஆஸ்பத்திரி வாட் இலக்கத்தை அலுவலர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி வவுனியாவில் ஆசிரியையாக இருந்தாள். அன்றைக்கே அவளுக்கு ரெலிபோன். மூன்றாம் நாள் தோழி ஒரு போர்வையும் சாப்பாடும் கொண்டுபோய், கட்டில் கட்டிலாகத் தேடி அந்தத் தாயைக் கண்டாள். தாய் முதலில் கேட்டது இதுதான்: “என்ர பிள்ளைக்கு நான் இஞ்சை கிடக்கிறது தெரியாதோ?”

அந்தக் கேள்வியைச் சுகந்தி எனக்குப் பிறகொருநாள் கடையில் வைத்துச் சொன்னாள். நான் அந்தச் செவ்வாய்க்கிழமையும் தலையாட்டியிருந்தால், அந்தத் தாய் எத்தனை நாள் அந்தக் கேள்வியோடு கிடந்திருப்பா என்று நினைத்துப் பார்த்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு தலையாட்டும் நேரம் வரும். கேட்கிறவர் நல்லவராக இருப்பார், காரணம் இரக்கமாக இருக்கும். அப்போது அந்த வாட்டையும் அந்தக் கட்டிலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தாய் ஒரு தடியோடு நடந்தா. ஆஸ்பத்திரியில் இருந்து வெளியில் விட்டதும் தோழியின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து இருந்தா. இரண்டு மார்கழி கழித்துச் சுகந்தி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தம்பியைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது. அதை அவள் கேட்டவர்களுக்கு அப்படியே சொல்கிறாள், கூட்டாமல் குறைக்காமல். யோகனோடு சில மாதம் கேட்டதற்கு மறுமொழி மட்டும்தான் கதைத்தாள் என்று கேள்வி. பிறகு சரியாகிவிட்டது. அவர்கள் வீட்டுக்கு வரும் கடிதத்தை இப்போது அவள்தான் முதலில் உடைக்கிறாள். யோகனுக்குப் பாரம் இறங்கிய மாதிரி, வயிறும் கொஞ்சம் முன்னுக்கு வந்து வண்டி வைத்துவிட்டது.

அந்த ஆசிரியையும் நானும் பிறகு இன்னும் ஐந்து நாடகங்களுக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். எல்லாம் அந்தக் காலத்து அமெரிக்க நாடகங்கள். ஒரு வீடு, நடுவில் சத்தம் போடும் ஒரு ஆண், அவனுடைய கனவு விழுந்துவிடாமல் தோள் கொடுத்துக்கொண்டே தன் ஆசையை அடுப்படியில் ஒளித்து வைத்திருக்கும் ஒரு பெண். எங்கள் பெண்கள் அதைப் பார்த்து, “இவையள் வெள்ளைக்காரரோ, எங்கட யாழ்ப்பாணத்து அரியாலைச் சனமோ?” என்று கேட்டார்கள். நான் பென்சிலைத் தொடவில்லை. ஒரேயொரு விஷயத்தில் மட்டும் அவர்கள் என்னைத் திருத்தினார்கள். முத்தம் வரும் இடத்தில் நான் வலு கவனமாக, “இப்போது அவன் அவளை முத்தமிடுகிறான்” என்று சொல்லப் போக, மூத்தவ திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்துக் கையை ஆட்டினா. பிறகு சொன்னா: “அதுக்கு எங்களுக்குக் கண் இருக்கு, தம்பி.”

ஓய்வு பெறும்போது ஒருவர் கேட்டார், இவ்வளவு காலம் பிறருக்காகப் பேசியவருக்குத் தனக்கென்று என்ன மிச்சம் என்று. எனக்குக் குறையொன்றும் இல்லை. கடைசிப் பத்து வருஷம் நிம்மதியாக வேலை செய்தேன். பக்குவமாகச் சொல்லும் அண்ணை என்ற பெயர் போய்விட்டது. “அவர் உள்ளதைத்தான் சொல்லுவார், யோசிச்சுக் கதையுங்கோ” என்று பெயர் வந்தது. என்னை விரும்பிக் கேட்கிறவர்களில் பெண்கள் கூடிவிட்டார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதை என் மனைவியிடம் சொன்னேன், மாற்றாமல்தான் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை மட்டும் இங்கே மொழிபெயர்க்க முடியாது.

போன மாரிக்கு அதே நாடகம் திரும்பவும் எங்கள் நகரத்துக்கு வந்தது. வேறு குழு, வேறு நடிகர்கள். சுகந்திதான் ரிக்கற் எடுத்து என்னையும் மனைவியையும் கூப்பிட்டாள். அவள் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், டேனிஷ் என்னைவிட வேகமாகப் பேசுகிறாள். காதில் கருவி இல்லை. எனக்கு இடப்பக்கம் அவள், அவளுக்கு அந்தப் பக்கம் யோகன். பண்டசாலையில் வேலை முடித்து நேரே வந்த களைப்பில், இரண்டாம் அங்கத்திலேயே அவன் கண்ணயர்ந்துவிட்டான்.

கடைசி அங்கம் வந்தது. நடிகை எழுந்து நின்று அந்த வசனத்தைச் சொன்னாள். சுகந்தி என் பக்கம் சாய்ந்து, என் காதுக்குள் தமிழில் சொன்னாள்.

“‘உன்னைப் பாத்துச் சிரிக்கேல்லை. உனக்குப் பின்னாலை நிண்டவனைப் பாத்துத்தான் சிரிச்சனான்.’ இவ்வளவுதானே அண்ணை. இதைச் சொல்ல என்ன கஷ்டம்?”

மேடையில் பீங்கான் நொருங்கியது. யோகன் திடுக்கிட்டு விழித்தான்.

“என்னவாம்?”

“‘உன்னைப் பாத்துச் சிரிக்கேல்லை’யாம்” என்றாள் சுகந்தி, ஒரு எழுத்தும் குறைக்காமல். “பின்னாலை நிண்டவனைப் பாத்துத்தானாம்.”

யோகன் அரைத்தூக்கத்தில் மெல்லத் தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். அங்கே ஒரு டேனிஷ் கிழவர் இருந்தார். அவர் யோகனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.